கிறிஸ்தவ ஹிப் ஹாப்: என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகளும் கொஞ்சம் நீளமான பதில்களும்

போன வருடம் ஒரு வாலிபர் கூட்டத்தில், எல்லோரும் வந்து சேரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று என் போனை ஸ்பீக்கரில் மாட்டி, லெக்ரே என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ ராப்பரின் பாட்டு ஒன்றை ஓடவிட்டேன். ஒன்றரை நிமிடம் ஓடியிருக்கும், சபை மூப்பர் ஒருவர் நேராக வந்து ஒயரை உருவிவிட்டு, "தம்பி, இது கோயில், கல்யாண மண்டபம் இல்ல" என்றார். பாட்டு முழுக்க இயேசுவைப் பற்றித்தான் என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. அன்றைக்குப் பிறகு தம்பி தங்கைகளும் அவர்களுடைய அப்பா அம்மாக்களும் இரண்டு போதகர்களும் மாற்றி மாற்றி என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கிறிஸ்தவ ஹிப் ஹாப் என்று தனியாக ஒன்று இருக்கிறதா, இல்லை ஆராதனைப் பாட்டுக்கு நடுவில் நாலு வரி வேகமாகப் பேசுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

தனியாகவே இருக்கிறது, அதுவும் நாற்பது வருடமாக. ஆராதனைப் பாட்டில் மூன்றாவது சரணம் முடிந்ததும் தொப்பி போட்ட ஒரு பையன் வந்து நாலு வரி பேசிவிட்டுப் போவது இலையோரத்து ஊறுகாய். நான் சொல்வது முழுச் சாப்பாடு: முழு ஆல்பமும் ராப் (தாளத்தில் ஏற்றிப் பேசிப் பாடுவது), அதற்கென்று கம்பெனிகள், கச்சேரிகள், ரசிகர்கள், சண்டைகள்.

ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக எல்லோரும் சொல்வது 1973 ஆகஸ்ட் 11. அன்றைக்கு நியூயார்க் பிராங்க்ஸில் கூல் ஹெர்க் என்ற டி.ஜே. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் பார்ட்டிக்காக ரெக்கார்டு சுழற்றினார். ஆனால் அதற்கு ரொம்ப முன்பே கறுப்பினச் சபைகளில் போதகர் பிரசங்கத்தின் பாதியில் தாளம் பிடித்து, வரிக்கு வரி மூச்சு வாங்கி, சபை அதற்குப் பதில்குரல் கொடுத்து, பேச்சா பாட்டா என்று பிரிக்க முடியாத இடத்துக்குப் போய்விடுவது வழக்கம். அதனால் ராப்பும் பிரசங்கமும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்று என்னால் நினைக்க முடிவதில்லை.

இந்த நாற்பது வருடக் கதையிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்வி ஒன்றுதான்: பாடுகிறவர் யாரைப் பார்த்துப் பாடுகிறார்? சபையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையையா, தெருமுனையில் நிற்கிற பையனையா? கீழே வருகிற சண்டைகளில் முக்கால்வாசி அதிலிருந்து வந்தவை.

முதலில் ஆரம்பித்தது யார்?

1982ல் மெக்ஸ்வீட் என்பவர் ஒரு சிங்கிள் வெளியிட்டார். அதுதான் முதல் காஸ்பல் (சுவிசேஷ) ராப் ரெக்கார்டு என்பார்கள். முழு கேசட்டாகக் கடைக்கு வந்தது என்று பார்த்தால் ஓக்லஹோமாக்காரரான ஸ்டீபன் வைலி 1985ல் கொண்டுவந்த 'பைபிள் பிரேக்'. அதில் அந்தப் பெயருள்ள பாட்டு என்ன செய்கிறது தெரியுமா? வேதாகமப் புத்தகங்களின் பெயர்களை வரிசையாக பீட்டில் ஏற்றிச் சொல்கிறது. ஞாயிறு பள்ளியில் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்துப் பென்சில் பெட்டி பரிசு வாங்கியிருக்கிறோமே, அதேதான், கீழே ஒரு டிரம் மெஷின் ஓடுகிறது. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த வருடத்தில் வெளியே ஓடிக்கொண்டிருந்த ராப்பும் இதைவிட ரொம்பச் சிக்கலானது இல்லை.

அடுத்த நாலைந்து வருடத்தில் மைக்கேல் பீஸ், டல்லாஸின் பி.ஐ.டி., கலிபோர்னியாவின் எஸ்.எஃப்.சி. என்று வரிசையாக ஆட்கள் வந்தார்கள். பி.ஐ.டி. என்பதன் விரிவு 'மாறுவேடத்தில் பிரசங்கிகள்', எஸ்.எஃப்.சி. என்றால் 'கிறிஸ்துவின் போர்ச்சேவகர்கள்'. அந்தக் காலத்துக் குழுப் பெயர்களைக் கேட்டாலே கைப்பிரதி கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இவர்களில் எஸ்.எஃப்.சி.யை மட்டும் இன்றைக்கும் ரசித்துக் கேட்க முடிகிறது. அந்தக் குழுவின் சூப் தி கெமிஸ்ட் சொல் அடுக்கத் தெரிந்தவர், 1992ல் வந்த அவர்களுடைய 'ஃபேஸ் த்ரீ' ஆல்பத்தைக் கேட்டால் கூட்டத்துக்காக மட்டும் செய்த பாட்டு இல்லை என்று புரியும்.

டி.சி. டாக் ராப் குழுவா, ராக் குழுவா? என் சித்தப்பா ராக் என்கிறார்.

இரண்டும் சரி, அவர் எந்த வருடத்துக் கேசட்டை வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. வர்ஜீனியாவின் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று பையன்கள்: டோபி மெக்கீஹன், மைக்கேல் டெயிட், கெவின் மேக்ஸ். 1989லும் 1990லும் வந்த முதல் இரண்டு ஆல்பங்கள் ராப். 1992ன் 'ஃப்ரீ அட் லாஸ்ட்' ராப்பும் பாப்பும் கலந்தது, கிராமி வாங்கியது. 1995ல் 'ஜீசஸ் ஃப்ரீக்' வந்தபோது கிடார் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டது. சித்தப்பா கேட்டது அதுவாக இருக்கும்.

அமெரிக்கச் சபைக் குடும்பங்களின் காருக்குள் ராப் நுழைந்தது இவர்கள் மூலமாகத்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் இவர்கள் பார்த்துப் பாடியது சபைப் பிள்ளைகளை. தெருவைப் பார்த்துப் பாடியவர்கள் வேறு ஆட்கள், அவர்களுடைய ரெக்கார்டுகள் இந்த அளவுக்கு விற்கவில்லை.

டி-பாய் என்று பழைய ரசிகர்கள் ஒரு பெயரைச் சொல்லிக் கண்கலங்குகிறார்களே, அவர் யார்?

டேனி ரோட்ரிகஸ். டல்லாஸில் கேங் பையன்கள் நடுவே குடும்பத்தோடு ஊழியம் செய்தவர். 1989ல் முதல் ஆல்பம், 1990ல் இரண்டாவது. அதே 1990 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 22. பிரபல ராப்பர் டூபாக் கொல்லப்படுவதற்கு ஆறு வருடம் முன்னால். டூபாக்கின் சாவைப் பற்றி எத்தனை படங்கள், எத்தனை புத்தகங்கள்! இந்தப் பையனின் பெயர் ராப் வரலாற்றுப் புத்தகங்களில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. தெருவைப் பார்த்துப் பாடுவது என்று நான் சொல்வதற்கு இவரைவிட நேரான உதாரணம் இல்லை, அந்தத் தெருவிலேயே இருந்தார். அவருடைய சகோதரி ஒருவரும் ராப் பாடினார், எம்.சி. ஜி ஜி என்ற பெயரில், ஆண்கள் மட்டுமே நின்ற மேடையில்.

கேங்ஸ்டர்கள் மனம் திரும்பி ராப் பாடினார்கள் என்பதெல்லாம் விளம்பரத்துக்காகவா?

காஸ்பல் கேங்ஸ்டாஸைக் கேட்கிறீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த கிரிப்ஸ், பிளட்ஸ் என்ற இரண்டு கேங்குகளிலிருந்தும் வந்த ஆட்கள் ஒரே குழுவில் நின்று பாடினார்கள். 1994ல் 'கேங் அஃபிலியேட்டட்' வந்தது. அந்த வருடம் கலிபோர்னியா முழுக்க ஓடிக்கொண்டிருந்த அந்த மெதுவான, அடிவயிற்றில் இடிக்கிற பேஸ், விசில் மாதிரி இழுக்கும் சின்தசைசர், எல்லாம் அப்படியே இதிலும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மூப்பருக்கு மட்டுமில்லை, எனக்கே வித்தியாசம் தெரியாது, வார்த்தை காதில் விழும்வரை. அதைத்தான் அவர்கள் விரும்பினார்கள். 1999ல் வெளியுலக ராப்பின் பெரிய கம்பெனியான இன்டர்ஸ்கோப் வழியாகவே ஒரு ஆல்பம் வந்தது.

டி-போன் இன்னொருவர், சான் ஃபிரான்சிஸ்கோக்காரர், லத்தீன் குடும்பம். அவருடைய 1993 ஆல்பத்தின் பெயரே 'மீட்கப்பட்ட ரவுடி' என்கிற பொருள்தான். சாட்சி சொல்வது என்று நம் கன்வென்ஷன் மேடைகளில் இருக்கிறதே, "நான் அப்படியெல்லாம் இருந்தேன், ஆண்டவர் இப்படி மாற்றினார்" என்று, அதே அமைப்பு. அதில் 'அப்படியெல்லாம்' பகுதி கொஞ்சம் நீளமாகவும் சுவாரசியமாகவும் போய்விடுகிற ஆபத்தும் அதே.

ஃபிலடெல்ஃபியா ஆட்களை மட்டும் ஏன் எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

க்ராஸ் மூவ்மென்ட் குழுவைக் கேட்கிறீர்கள். 1997ல் 'ஹெவன்ஸ் மென்டாலிட்டி', அதற்கடுத்த வருடம் 'ஹவுஸ் ஆஃப் ரெப்ரசென்டேட்டிவ்ஸ்'. இவர்கள் வரும்வரை கிறிஸ்தவ ராப்பில் பெரும்பாலும் இரண்டு பாடம்தான்: போதை வேண்டாம், இயேசு வேண்டும். இவர்கள் திரித்துவம், பாவநிவாரணம், கிறிஸ்துவின் தெய்வத்தன்மை என்று வேதாகமக் கல்லூரிப் பாடத்தை எடுத்து பீட் மேல் வைத்தார்கள். குழுவில் ஒருவரான தி அம்பாசிடர் 1999ல் வெளியிட்ட தனி ஆல்பத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கிறிஸ்துவியல், பாமர மொழியில்'. டல்லாஸ் செமினரியில் இறையியல் படித்தவர். சாதாரணமாக ஒரு ராப்பர் தான் எவ்வளவு பெரிய ஆள் என்று பதினாறு வரி தற்பெருமை அடிப்பார் அல்லவா? இவர்கள் அந்தப் பெருமையடிக்கும் தொனியை அப்படியே வைத்துக்கொண்டு எழுவாயை மாற்றினார்கள், 'நான்' இருந்த இடத்தில் கடவுள். சின்ன மாற்றம்தான், ஆனால் ராப்பின் இலக்கணத்தை உள்ளேயிருந்து பிடித்துச் செய்த மாற்றம்.

அதே நகரத்தின் லேம்ப்மோட் கம்பெனி இதை இன்னும் இறுக்கியது. ஷை லின் 2008ல் 'தி அட்டோன்மென்ட்' என்று பாவநிவாரணத்துக்கே ஒரு முழு ஆல்பம் போட்டார். 2013ல் செழிப்பு உபதேசம் (விசுவாசித்தால் பணமும் சுகமும் பெருகும் என்பது) செய்கிற பிரபல டிவி பிரசங்கிகளைப் பெயர் சொல்லியே கண்டித்து ஒரு பாட்டு. ராப்பில் பெயர் சொல்லித் தாக்குவது பழைய வழக்கம், ஆனால் பிரசங்கிகளைத் தாக்க அதைப் பயன்படுத்தியதும் சபை வட்டாரங்களில் ஒரே களேபரம். இந்தப் பாட்டை மட்டும் அந்த மூப்பருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை, அவருக்கும் செழிப்பு உபதேசம் பிடிக்காது.

குறை ஒன்றும் சொல்கிறேன். இந்த வகைப் பாட்டுகள் சில சமயம் குறிப்பு எடுத்துக்கொண்டு கேட்க வேண்டிய பாட்டாகிவிடும். பீட் நின்றுபோனாலும் யாருக்கும் தெரியாது.

116, கே.ஜே-52 என்றெல்லாம் எண்கள் ஏன்?

116 என்பது ரோமர் 1:16, "கிறிஸ்துவின் சுவிசேஷத்தைக்குறித்து நான் வெட்கப்படேன்". லெக்ரேயின் ரீச் ரெக்கார்ட்ஸ் கம்பெனி ஆட்கள் தங்கள் கூட்டணிக்கு வைத்துக்கொண்ட பெயர், ரசிகர்கள் கையில் பச்சை குத்திக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது. கே.ஜே-52ஐ ஐம்பத்திரண்டு என்று படிக்கக் கூடாது, ஐந்து-இரண்டு. ஐந்து அப்பம், இரண்டு மீன். இவர் ஒரு வெள்ளைக்காரர், பிரபல வெள்ளை ராப்பர் எமினெமுக்குக் கடிதம் எழுதுவது போல ஒரு பாட்டு பாடியதால் கொஞ்ச காலம் கேலிக்கு ஆளானார். பாவம், எமினெமைத் திட்டவில்லை, அவருக்காக ஜெபிக்கிறேன் என்கிற தொனிதான் அந்தப் பாட்டில்.

லெக்ரே அப்படி என்ன செய்துவிட்டார்?

1979ல் ஹூஸ்டனில் பிறந்தவர். கல்லூரிக் காலத்தில் விசுவாசத்துக்கு வந்து, சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் தன்னார்வலராகப் போய் அங்கிருந்த பையன்களுக்கு ராப் பாடிக் காட்ட ஆரம்பித்தார். 2004ல் பென் வாஷரோடு சேர்ந்து ரீச் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். முதல் ஆல்பம் 'ரியல் டாக்'. அப்புறம் ட்ரிப் லீ, டெடாஷி, ஷோ பராகா, ஆண்டி மினியோ, கே.பி. என்று ஒரு பட்டாளமே அங்கே கூடியது.

எண்களைச் சொல்லிவிடுகிறேன், இதற்குத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். 2008ன் 'ரெபல்' பில்போர்டு பத்திரிகையின் காஸ்பல் ஆல்பப் பட்டியலில் முதலிடம் போன முதல் ராப் ஆல்பம். 2012ன் 'கிராவிட்டி', அடுத்த பிப்ரவரியில் சிறந்த காஸ்பல் ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது, ராப்புக்கு அந்தப் பரிசு அதுவே முதல் தடவை. 2014 செப்டம்பரில் 'அனாமலி' முதல் வாரத்தில் சுமார் 88,000 விற்று பில்போர்டு 200ல் முதலிடம். காஸ்பல் பட்டியல் இல்லை, நாட்டின் மொத்தப் பட்டியல். 2024 கிராமியில் இன்னும் இரண்டு.

ஆனால் எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2016. அந்த ஜூலை 4ல், அமெரிக்கா சுதந்திர தினம் கொண்டாடிக்கொண்டிருக்க, பருத்திக் காட்டில் நிற்கும் அடிமைகளின் பழைய படம் ஒன்றைப் போட்டு, 1776 ஜூலை 4ல் என் குடும்பம் என்று ஒரு வரி எழுதினார். அதற்கு முன்பே ஃபெர்குசனில் போலீஸ் சுட்டுக் கொன்ற கறுப்பின இளைஞனுக்காகப் பேசியிருந்தார். பல வருடம் அவர் பாட்டைக் கேட்டு ஆமென் சொன்ன வெள்ளைக்காரச் சபை ரசிகர்கள் கூட்டமாகக் கோபப்பட்டார்கள்: அரசியல் பேசாதே, சுவிசேஷத்தை மட்டும் பாடு. அடுத்த வருடம் அவர் ஒரு பேட்டியில், வெள்ளை இவாஞ்சலிக்கல் உலகத்திலிருந்து மனதளவில் விலகிவிட்டதை வெளிப்படையாகவே சொன்னார். பிராங்க்ஸ் தெருவில் கறுப்பினப் பிள்ளைகள் உண்டாக்கிய கலை, அதைக் கிறிஸ்துவுக்காகப் பாடியதும் டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்தது புறநகரின் வெள்ளைச் சபைப் பிள்ளைகள். அவர்கள் கைதட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. தன் தாத்தா பாட்டியின் கதையைச் சொன்னவுடனே யாரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கே உறைத்திருக்கும்.

"நான் கிறிஸ்டியன் ராப்பர் இல்லை, ராப் பாடுகிற கிறிஸ்தவன்" என்று சிலர் சொல்கிறார்களே, வெட்கப்படுகிறார்களா?

வெட்கம் இல்லை, அலமாரிப் பிரச்சினை. கிறிஸ்டியன் ராப்பர் என்ற சீட்டை ஒட்டினால் உங்கள் சிடி கிறிஸ்தவப் புத்தகக் கடையில் இருக்கும், மற்றக் கடையில் இருக்காது. அந்தக் கடைக்கு வருகிற அம்மாக்கள் என்ன கேட்கலாம் என்று கடைக்காரர் முடிவு செய்வார். ஷோ பராகாவுக்கு நடந்தது இது. 2016ல் வந்த அவருடைய 'தி நரேட்டிவ்' ஆல்பத்தில் ஆணுறுப்பைக் குறிக்கும் ஒரு சொல் ஒரே ஒரு இடத்தில் வந்தது. கெட்ட வார்த்தைகூட இல்லை, பத்தாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் இருக்கும் சொல். சதர்ன் பாப்டிஸ்ட் என்ற அமெரிக்கச் சபைப் பிரிவின் லைஃப்வே புத்தகக் கடைகள் ஆல்பத்தையே அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால் 2019ல் லைஃப்வே தன்னுடைய 170 கடைகளையும் மூடிவிட்டது. ஆல்பம் இன்னும் இருக்கிறது.

என்.எஃப். இதில் இன்னொரு ரகம். மிச்சிகனின் ஒரு சின்ன ஊர்க்காரர். கிறிஸ்தவக் கம்பெனியிலிருந்துதான் கிளம்பினார், கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்ளத் தயங்கியதே இல்லை, ஆனால் தான் செய்வது கிறிஸ்தவ இசை இல்லை என்கிறார். போதை மாத்திரையில் இறந்த அம்மா, தன் மன அழுத்தம் என்று பாடுகிறார். 2017ல் 'பெர்செப்ஷன்', 2019ல் 'தி செர்ச்' (தேடல்), இரண்டும் பில்போர்டு 200ல் முதலிடம். ஒரு வசனம்கூடச் சொல்லாத அந்தப் பாட்டுகளைக் கேட்டு என் நண்பன் ஒருவன் ஜெபிக்க ஆரம்பித்தான், அதை எந்த அலமாரியில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்டி பெர்ரி மேல் வழக்குப் போட்ட கிறிஸ்தவ ராப்பர் யார்? ஜெயித்தாரா?

ஃபிளேம், செயின்ட் லூயிஸ்காரர். ஜெயித்தார், அப்புறம் தோற்றார்.

2008ல் அவரும் லெக்ரேயும் இன்னொருவரும் சேர்ந்து 'ஜாய்ஃபுல் நாய்ஸ்' என்று ஒரு பாட்டு செய்தார்கள். 2013ல் பாப் பாடகி கேட்டி பெர்ரியின் 'டார்க் ஹார்ஸ்' வந்து உலகம் முழுக்க ஓடியது. இரண்டிலும் பின்னால் ஒரு சின்ன சுரத்துண்டு, எட்டு சுரம், படிப்படியாக இறங்கி மறுபடி முதலிலிருந்து சுற்றுகிறது. அதைத் திருடிவிட்டார்கள் என்று 2014ல் வழக்கு. அதோடு, சூனியம் மந்திரம் பேசும் பாட்டோடு எங்கள் பாட்டை ஜனங்கள் முடிச்சுப் போட்டால் எங்கள் சாட்சி கெட்டுப்போகும் என்ற புகாரும் சேர்ந்திருந்தது.

இங்கே ஒரு திருப்பம்: கேட்டி பெர்ரி போதகர் வீட்டுப் பெண். 2001ல் கேட்டி ஹட்சன் என்ற பெயரில் அவர் போட்ட முதல் ஆல்பம் கிறிஸ்தவ ஆல்பம்தான். ஆனாலும் 'ஜாய்ஃபுல் நாய்ஸ்' கேட்டதே இல்லை என்று சாட்சிக் கூண்டில் சொன்னார். நீதிமன்றத்தில் ஸ்பீக்கர் மக்கர் பண்ணியபோது, வேண்டுமானால் நானே நேரில் பாடிக் காட்டுகிறேன் என்று கேலியாகச் சொன்னதும் பத்திரிகைகளில் வந்தது. 2019ல் ஜூரி ஃபிளேம் பக்கம் நின்று சுமார் 27.8 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. 2020 மார்ச்சில் நீதிபதி அதை ரத்து செய்தார், 2022ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எல்லோரும் பயன்படுத்துகிற சாதாரண இசைத் துண்டுகளை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்பது காரணம்.

ஃபிளேம் ரசிகனாக இருந்தும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். எட்டு சுரத்துக்குப் பட்டா கொடுத்தால் நாளைக்குக் கல்யாண வீட்டு நாதஸ்வரக்காரர்கூட வக்கீலைக் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். ஃபிளேம் அதற்குள் லுத்தரன் செமினரியில் படித்து லுத்தரனாகவே மாறி, 2020ல் 'எக்ஸ்ட்ரா நோஸ்' என்று லத்தீன் தலைப்பில் லுத்தரன் உபதேச ராப் வெளியிட்டார். தரங்கம்பாடி மிஷன் வழி வந்த லுத்தரன்கள் யாராவது இதைப் படித்தால் அதைக் கேட்டுப் பாருங்கள், ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் பற்றி அவர் சொல்வது உங்கள் வீட்டு ஞானோபதேசம்தான்.

சபைகள் ஏன் எதிர்க்கின்றன? தாளம்தான் பிரச்சினையா?

தாளம் சொல்லப்படுகிற காரணம். 2013ல் அமெரிக்காவில் ஒரு குடும்பச் சபை மாநாட்டு மேடையில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து, ராப் என்ற வடிவமே கெட்டுப்போனது, அதைப் பயன்படுத்துகிறவர்கள் கீழ்ப்படியாத கோழைகள் என்கிற அளவுக்குப் பேசிவிட்டார்கள். வெள்ளைச் சபைகளுக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு கிளம்பி, பேசியவர்களில் சிலர் வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது. கறுப்பினச் சபைகளிலிருந்தும் எதிர்ப்பு உண்டு, ஹிப் ஹாப் ஒரு இசை மட்டுமில்லை, அது ஒரு ஆவி என்று ஊர் ஊராகப் பிரசங்கித்தவர்கள் இருந்தார்கள்.

இந்த வாதம் நமக்குப் பழக்கமானதுதான். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறவஞ்சி அதற்கு முன்னால் எங்கே ஆடப்பட்டது? கோயிலிலும் அரண்மனையிலும். இன்றைக்கு அவர் கீர்த்தனைகளை வயலினும் மிருதங்கமும் வைத்துப் பாடும்போது யாரும் எழுந்து வந்து ஒயரை உருவுவதில்லை.

ஒரு நியாயமான எதிர்ப்பும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ராப் தனி ஆளின் கலை. ஆராதனையில் சபை சேர்ந்து பாட வேண்டும், எழுபது வயதுப் பாட்டி பதினாறு வரி ராப்பை எப்படிச் சேர்ந்து பாடுவார்? அதனால் ஆராதனையில் வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஸ்பீக்கரிலேயே வேண்டாம் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பெண்கள் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள், குறைவு. ஜாக்கி ஹில் பெரியிலிருந்து ஆரம்பியுங்கள். 2014ல் அவருடைய 'தி ஆர்ட் ஆஃப் ஜாய்' போர்ட்லேண்டின் ஹம்பிள் பீஸ்ட் கம்பெனி மூலமாக இலவசமாகவே வந்தது (அந்தக் கம்பெனி ஆல்பங்களை இலவசமாகவே கொடுத்துவந்தது, ப்ராபகாண்டா, பியூட்டிஃபுல் யூலஜி எல்லாம் அங்கேதான்). மேடைக் கவிதையிலிருந்து வந்தவர், அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி எடை போடுவார். அப்புறம் வாண்டே, நைஜீரியாவில் பிறந்து டெக்சாஸில் வளர்ந்தவர், 2019ல் ரீச்சில் சேர்ந்தார். அந்தக் கம்பெனியின் முதல் பெண் ராப்பர். 2004ல் தொடங்கிய கம்பெனிக்கு இதற்குப் பதினைந்து வருடம் ஆனது!

கான்யே வெஸ்டைக் கணக்கில் சேர்ப்பீர்களா?

2019ன் 'ஜீசஸ் இஸ் கிங்' சிறந்த கிறிஸ்தவ ஆல்பம் என்று கிராமியே வாங்கியிருக்கிறது, கணக்கில் சேர்க்காமல் எப்படி? ஆனால் அதற்குப் பிறகு யூதர்களைப் பற்றி அவர் பேசிய பேச்சுகளைக் கேட்டபின் அந்த ஆல்பத்தைப் போட எனக்குக் கை வருவதில்லை. சான்ஸ் தி ராப்பரின் 2016 'கலரிங் புக்' இதைவிட நல்ல ஆல்பம், காஸ்பல் கொயரை ராப்புக்குள் எப்படி நுழைப்பது என்று அதில் கேட்கலாம்.

அமெரிக்காவுக்கு வெளியே?

லண்டனில் கவ்னா பி. ஸ்பானிஷில் டொமினிக்கன் குடியரசின் ரெடிமிடோஸ், அவர் பெயரை 'ரெடிமி' என்று எழுதி 2 போடுவார்கள். நைஜீரியாவின் லிமோபிளேஸ் ஆஃப்ரோபீட்டோடு கலந்து பாடுகிறார், 2022ல் லெக்ரேயோடு ஒரு பாட்டும் வந்தது. எனக்கு இப்போது அமெரிக்க ஆல்பங்களைவிட இவருடையது அதிகம் ஓடுகிறது, ஆடவும் முடிகிறது.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

ராப்பே பழக்கமில்லை என்றால் லெக்ரேயின் 'கிராவிட்டி'. ராப் பழக்கம், சபை பழக்கமில்லை என்றால் என்.எஃப். இரண்டும் பழக்கம் என்றால் நேராக ப்ராபகாண்டாவின் 2012 'எக்ஸலன்ட்'. துக்கத்தில் இருந்தால் டெடாஷியின் 'பிலோ பாரடைஸ்', ஒரு வயது மகனைப் பறிகொடுத்த பின் 2014ல் வந்தது. கார் ஓட்டும்போது கேட்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு?

ஷை லின் 2018ல் 'ஜீசஸ் கிட்ஸ்' என்று பிள்ளைகளுக்காகவே ஒன்று செய்தார். அதைவிட்டால் முதலில் சொன்ன 'பைபிள் பிரேக்'தான். அதே மாதிரி தமிழில் அறுபத்தாறு புத்தகத்தையும் நாங்களே ஒரு பீட்டில் ஏற்றி வைத்திருக்கிறோம், எண்ணாகமம், உபாகமம் வரை அட்டகாசமாக உட்கார்ந்துவிட்டது, உன்னதப்பாட்டு வரும் இடத்தில் மட்டும் தாளம் இடிக்கிறது. இந்த மே மாதம் வி.பி.எஸ்.ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) பாடலாம் என்று இருக்கிறோம். மூப்பர் அந்த வாரம் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போகிறாராம்.